எல்லாத்துலயும் ஒரே சிப்பு தான், அப்புறம் இந்த ஹேண்ட்ஹெல்ட் கம்பெனிக எதுல தான் அடிச்சுக்கறாங்க?

குட்டித்திரை:

வணக்கம் மக்களே. ரெண்டு வாரமா ஒரு ஹேண்ட்ஹெல்ட் கேமிங் பிசி (கைல பிடிச்சு விளையாடற குட்டி கம்ப்யூட்டர்) வாங்கலாம்னு தேடித் தேடி மண்டை காஞ்சு போய் இங்க வந்து நிக்கறேன். டெஸ்க்டாப் இருக்கு, ஆனா ஆபீஸ் வேலையும் அதே மேஜைல தான், சாயங்காலம் திரும்ப அதே சேர்ல போய் உக்கார உடம்பு வளைய மாட்டேங்குது. சோஃபால சாஞ்சுக்கிட்டு, இல்ல படுத்துக்கிட்டு ஒரு மணி நேரம் விளையாடணும், அவ்ளோ தான் ஆசை.

குழப்பம் என்னன்னா, ஸ்டீம் டெக், ராக் அலை (கடல் அலை இல்லீங்க, ஏசஸ் அலை), லீஜன் கோ, எம்எஸ்ஐ க்ளா, அதுபோக ஜிபிடி, அயாநியோ, ஒன்எக்ஸ்பிளேயர்னு லிஸ்ட் ரயில் மாதிரி போகுது. ஸ்பெக் பக்கத்தைத் திறந்தா முக்காவாசில ஏஎம்டி சிப்பு. அதுலயும் நாலஞ்சு மாடல்ல அச்சு அசலா அதே சிப்பு. உள்ள இருக்கற எஞ்சின் ஒண்ணுன்னா இவங்க எதை வெச்சு போட்டி போடறாங்க? ஒருத்தர் 400 டாலருக்கு ஆரம்பிச்சாரு, இன்னொருத்தர் 1000 டாலர்ங்கறாரு. பெயின்ட் மாத்தி விக்கறாங்களா, இல்ல நெஜமாவே விஷயம் இருக்கா?

நான் விளையாடறது பெரும்பாலும் பழைய ஆர்பிஜி, இண்டி கேம், வருஷத்துக்கு ரெண்டு பெரிய கேம். வாரத்துல ஒரு நாள் ஃப்ரெண்ட்ஸோட ஆன்லைன் ஷூட்டர். தெரிஞ்சவங்க சொல்லுங்க, யூட்யூப் லிங்க் மட்டும் அனுப்பாதீங்க ப்ளீஸ், முப்பது பாத்துட்டேன், முப்பதும் முப்பது விதமா சொல்லுது.

—

பழையபட்டன்:

தம்பி, உன் கேள்வியோட ரெண்டாவது பாதிக்கு முதல்ல பதில் சொல்றேன், விலை. அது புரிஞ்சா மீதி தானா புரியும்.

இந்த பொட்டியை ஆரம்பிச்சு வெச்சது பெரிய கம்பெனி எதுவும் இல்ல. 2016ல ஜிபிடி வின்னு ஒண்ணு வந்துச்சு (ஏஐ ஜிபிடியோட சேத்துக் குழப்பிக்காத, இது ஷென்ஜென்ல இருக்கற சின்ன கம்பெனி). அஞ்சரை இன்ச் திரை, மடக்கற மாதிரி, குட்டி கீபோர்டு, உள்ள இன்டெல் ஆட்டம். இண்டிகோகோல ஜனங்க கிட்ட முன்பணம் வாங்கித் தான் செஞ்சாங்க. அப்போ அதுல புது கேம் ஓடுமான்னு கேட்டா சிரிப்பாங்க, ஆனா முழு விண்டோஸ் பாக்கெட்ல இருக்குன்னதே பெரிய விஷயம். 2018ல வின் 2, 2021ல அயாநியோ ஏஎம்டியோட ரைசன் சிப்போட வந்துச்சு, அதே வருஷம் ஒன்எக்ஸ்பிளேயர். கடைசியா வந்த ரெண்டும் ஆயிரம் டாலரை ஒட்டியே நின்னுச்சு. வாங்கறவங்க எண்ணிக்கை கம்மி, அதனால விலை கூட, விலை கூடன்னா வாங்கறவங்க எண்ணிக்கை இன்னும் கம்மி. அந்த வட்டத்துக்குள்ளயே சுத்திட்டு இருந்தாங்க.

2022 பிப்ரவரில வால்வ் ஸ்டீம் டெக்கை அனுப்ப ஆரம்பிச்சாங்க. 399 டாலர். இங்க தான் சூட்சுமம். வால்வ்க்கு மிஷின்ல லாபம் வந்தே ஆகணும்னு இல்ல, ஏன்னா ஸ்டீம் கடையே அவங்களோடது, அங்க விக்கற ஒவ்வொரு கேம்லயும் பொதுவா 30 சதவீதம் அவங்களுக்கு (விற்பனை ஏற ஏற அது 25, 20னு இறங்கும், அது பெரிய கம்பெனிகளுக்கு). நீ டெக் வாங்கி வருஷத்துக்கு பத்து கேம் வாங்குனா அவங்களுக்கு அது போதும். வால்வ் தலைவர் கேப் நியூவெல்லே அந்த விலையை வெக்கறது வலிக்கத் தான் செஞ்சுதுன்னு வெளிப்படையா சொன்னாரு.

ஏசஸ், லெனோவோ, எம்எஸ்ஐ மூணுக்கும் அந்த வழி கிடையாது. நீ அலை வாங்கிட்டு அதுல ஸ்டீம் கேம் வாங்குனா காசு போறது வால்வ்க்கு! போட்டியாளரோட கல்லாவுக்கு கஸ்டமரை அனுப்பி வெக்கறதுக்கு இவங்க மிஷின் செய்யணும். அதனால மிஷின் விலைலயே லாபத்தைப் பாத்தாகணும், விண்டோஸ் லைசன்ஸுக்கும் குடுக்கணும். 2023 ஜூன்ல அலை 699 டாலர்னு வந்தது அதனால தான். அந்த அலையை முதல்ல அறிவிச்சது ஏப்ரல் 1ம் தேதி, ஏப்ரல் ஃபூல்னு நெனச்சு பாதிப் பேர் நம்பல, நானும் தான்.

சிப்பு ஒண்ணு தான்ப்பா, ஆனா ஓட்டப்பந்தயத்துல ஒருத்தருக்கு மட்டும் இறக்கம், மத்தவங்களுக்கு ஏத்தம்.

—

சூடுபாத்தவன்:

அண்ணன் கடைக்கணக்கு சொல்லிட்டாரு, நான் கரன்ட் கணக்கு சொல்றேன்.

முதல்ல "அதே சிப்பு"ங்கறது பாதி தான் உண்மை. டெக்ல இருக்கறது வால்வ்க்குன்னே ஏஎம்டி செஞ்சு குடுத்தது, ஜென் 2 நாலு கோர், ஆர்டிஎன்ஏ 2 கிராஃபிக்ஸ் எட்டு யூனிட் (ஜென், ஆர்டிஎன்ஏ ரெண்டும் ஏஎம்டியோட தலைமுறைப் பேர், நம்பர் ஏற ஏற புதுசு), உச்சமே 15 வாட் தான். அலை, லீஜன் கோல இருக்கற இசட்1 எக்ஸ்ட்ரீம் அடிப்படைல லேப்டாப்ல வர்ற 7840யூவோட தம்பி, ஜென் 4 எட்டு கோர், ஆர்டிஎன்ஏ 3 பன்னெண்டு யூனிட், 25-30 வாட் வரைக்கும் குடிக்கும். பேப்பர்ல பாத்தா டெக்கை நசுக்கிடணும். 25 வாட் குடுத்தா நசுக்கவும் செய்யும். ஆனா 15 வாட்டுக்கு இறக்குனா இடைவெளி சுருங்கிடும், 10 வாட்டுக்குக் கீழ போனா டெக் தான் முன்னாடி நிக்கும், ஏன்னா அதை அந்த வாட்டுக்குன்னே தச்சிருக்காங்க. பெரிய சட்டையை சின்னப் பையனுக்குப் போட்ட மாதிரி இல்ல.

இப்போ திரை. டெக் 1280க்கு 800, அதாவது 10 லட்சம் பிக்சல் சில்லறை. அலை 1920க்கு 1080, 20 லட்சத்துக்கு மேல. முதல் லீஜன் கோ 2560க்கு 1600, கிட்டத்தட்ட 41 லட்சம். அலைல இருக்கற அதே சிப்பை ரெண்டு மடங்கு பிக்சலுக்கு வரைய சொன்னா என்ன பண்ணும்? முக்கி முனகும். அதனால லீஜன் கோ வெச்சிருக்கறவங்க பெரும்பாலும் பெரிய கேமை 800பிலயோ 1200பிலயோ தான் ஓட்டறாங்க. 1600பி திரைல 800பி ஓட்டுனா ஒரு பிக்சல் சரியா நாலு பிக்சலா விரியும், அதனால பாக்க மோசமா இருக்காது. ஆனா காசு குடுத்தது முழுத்திரைக்கு.

பேட்டரி. சும்மா மனக்கணக்கு போடுங்க. சிப்பு 15 வாட், திரை, ஃபேன், எஸ்எஸ்டி, வைஃபை எல்லாம் சேந்து ஒரு 9-10 வாட், ஆக 25 வாட். முதல் டெக்கும் முதல் அலையும் 40 வாட்-ஹவர் பேட்டரி. 40ஐ 25ஆல வகுத்தா ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. அலையை 25 வாட் டர்போல போட்டா மொத்தம் 35 வாட், ஒரு மணி பத்து நிமிஷத்துல சார்ஜரைத் தேடணும். 2023ல எல்லாரும் ஏசஸை கழுவி ஊத்துனது இதுக்குத் தான். அவங்க காதுல வாங்கிக்கிட்டு 2024 ஜூலைல அலை எக்ஸ்னு விட்டாங்க, சிப்பு அதே சிப்பு, ஆனா பேட்டரி 40ல இருந்து 80, மெமரி 16ல இருந்து 24 ஜிபி, குட்டி எஸ்எஸ்டிக்கு பதிலா சாதாரண நீள எஸ்எஸ்டி, ரெண்டு யூஎஸ்பி-சி. விலை 100 டாலர் கூட. வால்வும் 2023 நவம்பர்ல அதே தான் பண்ணாங்க, ஓஎல்இடி டெக்ல வேகம் பெருசா மாறல, பேட்டரி 50 ஆச்சு, திரை 90 ஹெர்ட்ஸ், எடை 669ல இருந்து 640 கிராமுக்குக் குறைஞ்சுது.

இதுல இருந்தே தெரியல? சிப்பை அப்படியே வெச்சுக்கிட்டு சுத்தி இருக்கறதை மாத்துனதுக்கே ஜனங்க புது மிஷின்னு கொண்டாடுனாங்க. போட்டி அங்க தான் நடக்குது.

இன்னொரு புலம்பல், இசட்1க்கு அடுத்து ஏஎம்டி விட்ட சிப்பு வரிசைல இசட்2ன்னு பேர் பாத்து ஏமாந்துறாதீங்க. இசட்2 எக்ஸ்ட்ரீம்னா ஜென் 5. வெறும் இசட்2ன்னா ஜென் 4. இசட்2 கோன்னா ஜென் 3 ப்ளஸ். இசட்2 ஏன்னா ஜென் 2, கிட்டத்தட்ட டெக்ல இருக்கற அதே சரக்கு. ஒரே குடும்பப் பேர், நாலு தலைமுறை. தாத்தாவும் பேரனும் ஒரே ரேஷன் கார்டுல.

இன்டெல் பக்கமும் ஒரு கண்ணு வைங்க. 2024ல வந்த முதல் க்ளா சொதப்பல், விமர்சகர்கள் ஒருத்தர் விடாம அடிச்சாங்க. ஆனா 2025 ஆரம்பத்துல வந்த க்ளா 8 ஏஐ ப்ளஸ் வேற ரகம், லூனார் லேக் சிப்பு, மெமரியும் சிப்போட ஒரே பேக்கேஜ்லயே உக்காந்திருக்கு, 80 வாட்-ஹவர் பேட்டரி, கம்மி வாட்ல நல்லா இழுக்கும். முதல் மாடலைப் பாத்து ஒதுக்கி வெச்சவங்க திரும்பிப் பாக்கலாம்.

—

ராத்திரிராணி:

ரெண்டு பேரும் நம்பரா கொட்டிட்டீங்க, நான் என் வீட்டு சோஃபாவை மட்டும் சொல்றேன்.

எனக்கு விளையாட கிடைக்கறது பையன் தூங்குனதுக்கு அப்புறம் தான். அவன் தலை என் இடது தொடைல, டெக் வலது பக்கமா சாஞ்சு இருக்கும், சத்தம் மியூட். திடீர்னு புரண்டு "அம்மா தண்ணி"ன்னுவான். மேல இருக்கற பவர் பட்டனை ஆள்காட்டி விரலால ஒரு தடவை தட்டுவேன், திரை கறுத்துரும், அவ்ளோ தான். எழுந்து போயிடுவேன். மறுநாள் ராத்திரி, சில சமயம் மூணு நாள் கழிச்சு அதே பட்டனைத் தட்டுனா கத்தி பாதி ஓங்குன எடத்துல கேம் அப்படியே நிக்கும். சேவ் பண்ணியா, லோடு ஆகுதா, ஒண்ணும் கிடையாது. ஒரு முறை இதுக்குப் பழகிட்டா செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம் (படம்) வருதுங்கறது ரெண்டாம் பட்சம் ஆயிடும்.

விண்டோஸ்ல இந்த ஸ்லீப் விஷயம் ரொம்ப வருஷமா எல்லாரும் புலம்பறது தான், லேப்டாப்ல இருந்தே வர்ற தலைவலி, உள்ள ஏதாவது ஒரு அப்டேட் எழுப்பி விட்டுரும், கேம் பாதில செத்துப் போயிருக்கும். விண்டோஸை ஏழு இன்ச் திரைக்குன்னு யாரும் செய்யல, மவுஸும் கீபோர்டும் இருக்கும்னு நம்பி செஞ்சது. பாஸ்வேர்டு அடிக்கற பெட்டி மேலயே திரைக் கீபோர்டு வந்து உக்காந்துக்கறதெல்லாம் அதனால தான்.

அதனால நான் சொல்லுவேன் போட்டி கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடக்கல, டெக்ல வர்ற வால்வோட ஸ்டீம்ஓஎஸ்க்கும் விண்டோஸுக்கும் நடக்குது. ஸ்டீம்ஓஎஸ் ஆர்ச் லினக்ஸ் மேல கட்டுனது, விண்டோஸ் கேமை ப்ரோட்டான்னு ஒரு இடைத்தரகர் மொழிபெயர்த்து ஓட்டறாரு. அதை வால்வ் 2018ல இருந்தே செதுக்கிட்டு இருக்காங்க, டெக் வர்றதுக்கு மூணரை வருஷம் முன்னாடியே. மத்தவங்க திரை என்ன பேட்டரி என்னன்னு யோசிச்சப்போ இவங்க அந்த பக்கம் உழுது வெச்சுட்டாங்க. 2025 மே மாசம் லெனோவோ லீஜன் கோ எஸ்ல ஸ்டீம்ஓஎஸ்ஸையே போட்டு வித்தாங்க, வால்வ் இல்லாத இன்னொரு கம்பெனி அதிகாரப்பூர்வமா போட்டது அது தான் முதல். அதே மிஷின் விண்டோஸோடவும் கிடைக்குது, ரெண்டையும் பக்கத்துல வெச்சு டெஸ்ட் பண்ணவங்களுக்கு பல கேம்ல ஸ்டீம்ஓஎஸ்ல ஃப்ரேமும் கூட, பேட்டரியும் கூட. அதே சிப்பு, அதே பேட்டரி, அதே திரை! தம்பி, உன் கேள்விக்கு இதை விட நேரான பதில் இல்ல.

—

ஜன்னல்காரன்:

வந்துட்டாங்கய்யா டெக் பக்தர்கள். ராத்திரிராணி அக்கா சொன்னதுல ஸ்லீப் விஷயம் நூத்துக்கு நூறு, ஒத்துக்கறேன். ஆனா கேள்வி கேட்டவர் வாரத்துல ஒரு நாள் ஆன்லைன் ஷூட்டர்னு எழுதிருக்காரே, அதை யாருமே படிக்கலையா?

ஃபோர்ட்நைட், வேலரன்ட் ரெண்டும் ஸ்டீம்ஓஎஸ்ல ஓடாது. ஏபெக்ஸ் ஓடிட்டு இருந்துச்சு, 2024 கடைசில லினக்ஸை மொத்தமா வெளிய தள்ளிட்டாங்க. ஜிடிஏ ஆன்லைனும் 2024 செப்டம்பர்ல புது ஆன்டி சீட் (கள்ளாட்டம் ஆடறவங்களைப் பிடிக்கற சாஃப்ட்வேர்) போட்டதும் டெக்ல நின்னு போச்சு. இது டெக்கோட தப்பு இல்ல, ப்ரோட்டானோட தப்பும் இல்ல, ஆன்டி சீட் பலது விண்டோஸோட அடிவேர் (கெர்னல்) வரைக்கும் இறங்கி உக்காந்துக்கும், ப்ரோட்டான்ல அது அப்படியே வேலை செய்யாது, லினக்ஸுக்கு வழி இருந்தாலும் கேம் கம்பெனி அதுக்காக மெனக்கெட மாட்டாங்க. காரணம் எதுவா இருந்தா என்ன, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் லாபில காத்திருக்கறப்போ "கேம் திறக்கல மச்சி"ன்னு மெசேஜ் அனுப்பணும்.

மைக்ரோசாஃப்டோட கேம் பாஸ் (சந்தா கட்டி விளையாடறது) வேணும்னா அதுவும் டெக்ல நேரா இன்ஸ்டால் ஆகாது, ஸ்ட்ரீமிங் தான். எபிக் கடைல இலவசமா சேத்து வெச்ச கேமெல்லாம் டெக்ல ஓட்ட முடியும், ஆனா வேற லாஞ்சர் போட்டுக் குடையணும். விண்டோஸ்ல எல்லாக் கடையும் தொறந்தே இருக்கும்.

மைக்ரோசாஃப்டும் தூங்கல. 2025 அக்டோபர்ல ஏசஸோட சேந்து எக்ஸ்பாக்ஸ் அலை, எக்ஸ்பாக்ஸ் அலை எக்ஸ்னு ரெண்டு விட்டாங்க, ஆன் பண்ணா டெஸ்க்டாப்பே வராது, நேரா எக்ஸ்பாக்ஸ் முழுத்திரை தான், டெஸ்க்டாப் சாமான் எதையும் ஏத்தாததால 2 ஜிபி வரைக்கும் மெமரி மிச்சம்னு சொல்றாங்க. ஒரு மாசத்துலயே அந்த முழுத்திரையை மத்த விண்டோஸ் ஹேண்ட்ஹெல்டுக்கும் திறந்து விட்டாங்க. டெக் வந்து மூணரை வருஷம் கழிச்சு முழிச்சிருக்காங்கன்னு திட்டலாம், ஆனா முழிச்சுட்டாங்க.

அப்புறம் டெக்கோட ஜென் 2 சிப்பு பழசுங்க. சமீபத்துல வர்ற பெரிய கேம் பலது அதுல 30 ஃப்ரேமுக்கே மூச்சு வாங்குது. வால்வ் வருஷா வருஷம் புதுசு விட மாட்டோம், பேட்டரியைக் காவு குடுக்காம பெரிய பாய்ச்சல் கிடைக்கும்போது தான் டெக் 2னு சொல்லிட்டாங்க. கொள்கை நல்லா தான் இருக்கு, ஆனா இன்னிக்கு வாங்கறவருக்கு அது நாலு வருஷப் பழைய எஞ்சின் தான்.

—

சூடுபாத்தவன்:

@ஜன்னல்காரன் 30 ஃப்ரேம்னதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. இந்த மிஷின்ல 60ஐத் துரத்தாதீங்க, 40ஐப் பிடிங்க. 30 ஃப்ரேம்னா ஒரு ஃப்ரேமுக்கு 33 மில்லிசெகண்ட், 60ன்னா 16.7, ரெண்டுக்கும் சரியா நடுவுல 25, அது தான் 40 ஃப்ரேம். பத்து ஃப்ரேம் தான் கூட குடுக்கறோம், கைக்கு பாதி தூரம் வந்துட்ட மாதிரி இருக்கும். 120 ஹெர்ட்ஸ் திரைல 40 மூணா வகுபடும், ஓஎல்இடி டெக்ல 45 போட்டா 90ல ரெண்டா வகுபடும். அலைல விஆர்ஆர் இருக்கறதால இந்தக் கணக்கே போட வேணாம், ஃப்ரேம் வர்றப்போ திரை காத்திருந்து காட்டும், 50ல இருந்து 58க்கு ஆடுனாலும் கண்ணுக்கு உறுத்தாது. டெக்ல விஆர்ஆர் இல்ல. விஆர்ஆருக்கு மட்டும் அலை பக்கம் ஒரு ஓட்டு.

—

முன்பணம்_போனவன்:

எல்லாரும் பெரிய கம்பெனியவே பேசிட்டு இருக்கீங்க, சின்ன கம்பெனி பக்கம் போகப் பாக்கறவங்களுக்கு என் கதை. பேர் சொல்ல விரும்பல.

ஒரு சின்ன கம்பெனி மாடலுக்கு முன்பணம் கட்டுனேன். சொன்ன மாசத்துக்கு நாலு மாசம் கழிச்சு வந்துச்சு, பரவால்ல, பொட்டியைத் தொறந்ததும் கோவமெல்லாம் போயிருச்சு, அவ்வளவு அழகு. மெட்டல் மாதிரி ஜில்லுனு பின்பக்கம், ஸ்டிக்கு எண்ணெய் போட்ட மாதிரி சுத்தும். எட்டாவது மாசம் வலது ட்ரிக்கர் உள்ள போனா வெளிய வர மாட்டேங்குது. நகத்தை விட்டு நெம்புனா டக்குனு வரும். மெயில் போட்டேன், வீடியோ எடுத்து அனுப்புங்கன்னாங்க, அனுப்புனேன், வேற கோணத்துல அனுப்புங்கன்னாங்க, அதையும் அனுப்புனேன். கடைசில மிஷினை அவங்க நாட்டுக்கே என் செலவுல அனுப்பணும்னாங்க. பேட்டரி இருக்கற பார்சல்னு ரெண்டு கூரியர்காரங்க எடுக்கவே மாட்டேன்னுட்டாங்க. அதுக்குள்ள அவங்க அடுத்த மாடலுக்கு முன்பணம் வாங்க ஆரம்பிச்சுட்டாங்க, அந்த விளம்பர மெயில் மட்டும் எனக்கு டாண்ணு வந்துச்சு.

இப்பவும் அந்த மிஷின் இருக்கு. ட்ரிக்கர் வேண்டாத கேம் மட்டும் விளையாடறேன்.

டெக்குக்கு ஸ்டிக்கு, ஃபேன், பட்டன் போர்டுன்னு பெரும்பாலான பார்ட்டை ஐஃபிக்ஸிட்ங்கற ரிப்பேர் கம்பெனி மூலமா தனியா விக்கறாங்க, கழட்டி மாட்டற வழியும் படத்தோட போட்டிருக்காங்க. அது எவ்ளோ பெரிய விஷயம்னு ட்ரிக்கர் போனவனுக்குத் தான் தெரியும். ஸ்பெக் ஷீட்ல அதுக்கு ஒரு வரி கிடையாது.

—

பழையபட்டன்:

@முன்பணம்_போனவன் ஐயோ பாவம். ஆனா அந்த சின்ன கம்பெனிகளை முழுசா தள்ளிடவும் மனசு வரல. பெரியவங்க நாலு பேரும் நடுவுல வந்து உக்காந்ததும் இவங்களுக்கு ஓரம் தான் மிச்சம். அதனால ஓரத்துலயே வித்தை காட்டறாங்க, கீபோர்டு சறுக்கி வெளிய வர்றது, ரெண்டு திரை, மடக்கற மாடல், உள்ளங்கைல அடங்கற மாடல். 2025ல ஜிபிடி வின் 5ல ரைசன் ஏஐ மேக்ஸ் ப்ளஸ் 395ஐயே தூக்கிப் போட்டுட்டாங்க, கிராஃபிக்ஸ் யூனிட் மட்டும் 40! அந்தப் பசிக்கு உள்ள பேட்டரி வெச்சா தாங்காதுன்னு பேட்டரியையே வெளிய எடுத்து முதுகுல மாட்டற மாதிரி பண்ணிட்டாங்க. பெரிய கம்பெனி மீட்டிங்ல இதைச் சொன்னா வாட்ச்மேனைக் கூப்பிட்டு வெளிய அனுப்பிருவாங்க. யாராவது கிறுக்கு வேலை பாத்தா தானே மத்தவங்க அதுல நல்லதைப் பொறுக்குவாங்க.

விலை விஷயத்துல ஒண்ணு சேத்துக்கறேன். போட்டி கூடுனா விலை இறங்கும்னு படிச்சோம், இங்க ஏறுது. 2025ல எக்ஸ்பாக்ஸ் அலை எக்ஸ் 999 டாலர்னு வந்துச்சு, லீஜன் கோ 2 ஆயிரத்தைத் தாண்டிருச்சு. கீழ்த்தட்டுல 399 டாலர் இடத்துல வால்வோட யாரும் மோத முடியாதுன்னு தெரிஞ்சு மேல்தட்டுக்குப் போயிட்டாங்க. இதுல 2025 கடைசில இருந்து ஏஐ டேட்டா சென்டருக்குன்னு மெமரி சிப்பையெல்லாம் வாரிட்டுப் போறாங்க, ரேம் விலை எகிறுது, இந்த மிஷின்ல ரேம் போர்டோட ஒட்டி வர்றது, அப்புறமா கம்மியா வாங்கிப் போட்டுக்கலாம்ங்கற பேச்சுக்கே எடமில்ல. வால்வே 2025 டிசம்பர்ல அந்த 399 டாலர் 256 ஜிபி எல்சிடி டெக்கைத் தயாரிக்கறதை நிறுத்திட்டாங்க. மலிவான கதவு சாத்தியாச்சு. நீ கேட்ட 400 டாலர் இப்போ புதுசுல இல்ல தம்பி, செகண்ட் ஹேண்ட்ல தான்.

—

ராத்திரிராணி:

@ஜன்னல்காரன் ஷூட்டர் பத்தி நீங்க சொன்னது சரி தான், நான் அதை விட்டுட்டேன். ஆனா அவருக்கு டெஸ்க்டாப் இருக்கே? வாரத்துல ஒரு நாள் அந்த சேர்ல உக்காந்துட்டுப் போகட்டும். இந்த மிஷின் மீதி ஆறு நாளுக்கு.

@குட்டித்திரை நீங்க பழைய ஆர்பிஜின்னு எழுதிருக்கீங்க, அதுல மவுஸை வெச்சு க்ளிக் பண்ற வகை நிறைய இருக்குமே. டெக்ல ரெண்டு பக்கமும் ட்ராக்பேட் இருக்கு, வலது கட்டை விரலே மவுஸ். லீஜன் கோல ஒரு பக்கம் மட்டும் சின்னதா ஒண்ணு, அதுபோக வலது கன்ட்ரோலரைக் கழட்டி அடில ஒரு வட்டத்துல நட்டு வெச்சா நின்ன மவுஸ் மாதிரி ஆகும், மேஜை இருந்தா அருமை, சோஃபால எங்க வெப்பீங்க. முதல் அலைல ட்ராக்பேடே இல்ல, ஸ்டிக்கால கர்சரை இழுத்துக்கிட்டு ஒரு சின்ன பொட்டியைத் தொறக்கறதுக்குள்ள பொறுமை போயிரும்.

—

ஜன்னல்காரன்:

அட ஆமா, டெஸ்க்டாப் இருக்கறதை நான் படிக்கல. அப்போ என் கேஸ் பாதி தோத்துப் போச்சு. இருந்தாலும் ஒண்ணு, வேகமான மிஷின் வாங்கிட்டு அப்புறமா ஸ்டீம்ஓஎஸ் போட்டுக்கலாம், 2025 மேல வந்த 3.7 அப்டேட்ல இருந்து அலைக்கும் லீஜன் கோவுக்கும் ஆதரவு குடுத்திருக்காங்க. இல்லாட்டி ஸ்டீம்ஓஎஸ் மாதிரியே இருக்கற பஸ்ஸைட்ங்கற லினக்ஸ். விண்டோஸ்ல இருந்து அந்தப் பக்கம் போகலாம். நான் இன்னும் போகல, கேம் பாஸ் காசு கட்டிட்டேன்.

—

குட்டித்திரை:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. விலை ஏன் அப்படின்னு பழையபட்டன் அண்ணே சொன்னது தான் எனக்கு முதல்ல விளங்குச்சு, அதுக்கு அப்புறம் ஸ்பெக் பக்கத்தை வேற கண்ணால பாக்கறேன்.

நேத்து ராத்திரி ஒரு வேலை பண்ணேன். இங்க எடை நம்பர் வந்துச்சே, டெக் ஓஎல்இடி 640 கிராம், தேடிப் பாத்தா முதல் லீஜன் கோ 854, லீஜன் கோ 2 920. நம்பரா பாத்தா ஒண்ணும் புரியல. பழைய டேப்லெட்டை எடுத்து பின்னாடி ஒரு நோட்புக்கை வெச்சு ரப்பர் பேண்ட் போட்டு சமையல் தராசுல நிறுத்தேன், 645 வந்துச்சு. படுத்துக்கிட்டு மூஞ்சிக்கு மேல தூக்கிப் பிடிச்சு ஒரு எபிசோட் பாத்தேன். இருபது நிமிஷம் ஆச்சு, மணிக்கட்டு லேசா வலி, சமாளிக்கலாம். அப்புறம் இன்னொரு புக்கையும் சேத்துக் கட்டி 915க்கு ஏத்துனேன். எட்டாவது நிமிஷத்துல கை நடுங்க ஆரம்பிச்சுது, பத்தாவதுல ரப்பர் பேண்ட் அறுந்து மொத்தமா மூக்கு மேல.

ஓஎல்இடி டெக், ஸ்டாக் இருக்கான்னு பாத்துட்டு இருக்கேன். செகண்ட் ஹேண்ட்ல வாங்குனா ஸ்டிக்கு தேய்ஞ்சிருக்கான்னு எப்படி செக் பண்றது, யாராவது சொல்லுங்க. மூக்கு வீங்கல, லேசா செவந்திருக்கு.

—

முன்பணம்_போனவன்:

செட்டிங்ஸ்ல கன்ட்ரோலர் டெஸ்ட் இருக்கும், ஸ்டிக்கை வட்டமா சுத்திட்டு கையை எடுங்க, புள்ளி நடுவுல வந்து நிக்கணும், ஓரமா நகந்துக்கிட்டே இருந்தா தேய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். ரெண்டு ட்ரிக்கரையும் இருபது தடவை அமுக்கி அமுக்கி விடுங்க. விக்கறவர் ஒரு மாதிரி பாப்பாரு, பாக்கட்டும்.